டகோட்டாவின் மெத்தைச் சுவர்: வரைபுத்தாளும் தேநீர் வடியும் போதும்

கேள்வி: ஐயா, நான் மல்லாவியில் இருக்கிறேன். 1/48 அளவில் டகோட்டா விமான மாதிரி ஒன்றைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். குண்டு போட்ட விமானம் எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால், ஆட்கள் ஏறிப் பறந்த விமானமாகப் பார்த்து எடுத்தேன். படங்களில் விமானிகள் அறையின் சுவர், தைத்த மெத்தைபோலச் சாய்சதுரக் கோடுகளோடு இருக்கிறது. பெட்டியில் வந்த பாகமோ வழவழப்பான பிளாஸ்டிக். வெளிநாட்டிலிருந்து தனிப் பாகங்கள் வரவழைக்க வசதியில்லை. டிசு கடதாசியைக் கசக்கி ஒட்டிப் பார்த்தேன். பழந்துணி போல இருக்கிறது. வாலில் அசையும் பகுதிகளான சுக்கானும் உயர்த்தியும் துணி போர்த்தவை என்கிறார்கள்; அவற்றின் மேல் காயக்கட்டுக்கு ஒட்டும் மைக்ரோபோர் டேப் ஒட்டலாமா? இருக்கைகளின் மெத்தையை எப்படிச் செய்வது? பயணிகள் கதவைத் திறந்து வைக்கலாமா? கிளிநொச்சியில் கிடைக்கும் பொருட்களால் இதெல்லாம் முடியுமா?

பதில்: முடியும், தம்பி. தீர்ந்துபோன களிம்பு மருந்துக் குழாய், பாடசாலை வரைபுத்தாள், தேநீர் வடி, ஹார்ட்வெயார் கடையில் விற்கும் எபொக்சி புட்டி, வெள்ளை மரப்பசை. இவற்றில் எதற்கும் கிளிநொச்சியைத் தாண்ட வேண்டியதில்லை. ஆனால் பொருளைத் தேடும் முன் அளவைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மெத்தைச் சுவர் செய்கிறவர்களில் பெரும்பாலோர் சறுக்குவது ஆழத்தில்தான். கை நோகச் செய்த வேலை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையில் பள்ளத்தை ஆழமாக்கிவிடுகிறார்கள். பிறகு விமானிகள் இருவரும் பலாப்பழத்துக்குள் உட்கார்ந்திருப்பது போலாகிவிடுகிறது.

அம்மாவின் நிபந்தனை நியாயமானது. பதுங்குகுழி வெட்டிய கைகளுக்குக் குண்டு போட்ட கிபிர் விமானத்தைத் தூசி தட்டி வைக்க மனம் வராது. டகோட்டாவுக்கு நம் பக்கத்தில் வேறொரு கதை உண்டு. எயார் சிலோன் 1947 டிசம்பர் 10இல் தன் முதல் பயணத்தைத் தொடங்கியது டகோட்டாவில்தான். இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. போருக்குப் பிறகு உலகெங்கும் பயணிகள் சேவைக்கு வந்த டகோட்டாக்களில் பெரும்பாலானவை இராணுவத்துக்காகக் கட்டப்பட்ட சி-47 விமானங்கள். பின்னால் பயணிகள் இருக்கைகளைப் பொருத்தினார்கள். முன்னால் விமானிகள் அறை பல விமானங்களில் பழையபடியே இருந்தது. நீங்கள் படத்தில் பார்த்த மெத்தைச் சுவர் அங்கிருந்து வந்தது. அது அலங்காரத்துக்காக வைத்ததல்ல. இரண்டு பக்கமும் பெரிய இயந்திரங்கள் இரைய, இடையில் மெல்லிய அலுமினியத் தகடு மட்டும் இருந்தால் விமானிக்குக் காது போய்விடும். அதனால் சத்தத்தையும் குளிரையும் தடுக்கும் பஞ்சுப் பொருளை இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்து, பஞ்சு ஓரிடத்தில் சேர்ந்துவிடாமலிருக்கக் குறுக்கும் மறுக்கும் தைத்தார்கள். இந்தக் காரணத்தை மனதில் வைத்துக்கொண்டால் எங்கே மெத்தை வரும், எங்கே வராது என்பதை நீங்களே ஊகிக்கலாம். வெளித்தகட்டை ஒட்டிய சுவரிலும் கூரையிலும் வரும். கருவிப் பலகையிலும் தரையிலும் வராது.

இனிக் கணக்கு. 1/48 என்றால் அசலில் 48 மி.மீ. உள்ளது உங்கள் மேசையில் 1 மி.மீ. மாதிரியை ஏறக்குறைய 30 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அசல் விமானத்தை 14 மீற்றருக்கு அப்பால் நின்று பார்ப்பதற்கு இது சமம். மாங்குளம் சந்தியில் வீதியின் ஒரு பக்கம் நின்றுகொண்டு மறுபக்கத்தில் நிற்கும் பஸ்ஸின் இருக்கையைப் பாருங்கள். மெத்தை உப்பியிருப்பது தெரியும், நடுவில் குழிந்திருப்பது தெரியும். தையல் நூல் தெரியாது. சாதாரணக் கண் 30 செ.மீ. தூரத்தில் 0.1 மி.மீ. அளவுக்குக் கீழே பிரித்தறிவதில்லை. அது அசலில் ஏறக்குறைய 5 மி.மீ. ஆகவே 1 மி.மீ. தடிப்புள்ள நூலைச் செய்து காட்ட முயல்வது வீண். நூல் இழுத்ததால் உண்டான 10 மி.மீ. அகலப் பள்ளம் மாதிரியில் 0.2 மி.மீ. ஆக வரும், அதைக் கண் பிடித்துக்கொள்ளும். நாம் செய்ய வேண்டியது அந்தப் பள்ளத்தையும் பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேட்டையும் மட்டும்தான். மெத்தை முழுவதும் ஓர் அங்குலத் தடிப்பு என்று வைத்துக்கொண்டாலும் மாதிரியில் அரை மி.மீ. தான் வருகிறது. அதற்கு மேல் போகாதீர்கள். போனால் தோற்றம் கெடுவதோடு, உடலின் இரண்டு பாதிகளும் பொருந்தவும் மறுக்கும்.

சாய்சதுரத்தின் அளவை ஊகத்தில் வைக்க வேண்டாம். நல்ல படமொன்றில் பக்கவாட்டு ஜன்னலின் அகலத்துக்குள் எத்தனை கட்டம் வருகிறது என்று எண்ணுங்கள். உங்கள் பிளாஸ்டிக் ஜன்னலின் அகலத்தை அதே எண்ணால் வகுத்தால் விடை கிடைத்துவிடும். கோடுகளுக்கு இடையே இரண்டு அங்குலம் இருப்பதாக வைத்துக்கொண்டால் 1/48 அளவில் 1.06 மி.மீ. இதை வரைவதற்கு வரைபுத்தாள் கைகொடுக்கும். 1 மி.மீ. கட்டங்கள் உள்ள தாளின் ஓரத்தில் ஒன்றரை மி.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் 45 பாகையில் சாய்கோடு இழுத்தால், கோடுகளுக்கு இடையிலான நேர்த்தூரம் சரியாக 1.06 மி.மீ. வரும். 1/72 கட்டுகிற நண்பர் யாராவது இருந்தால், ஒரு மி.மீ.க்கு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், அவருக்கு 0.7 மி.மீ. கிடைக்கும். அதுவும் அசலில் இரண்டு அங்குலம்தான்.

களிம்புக் குழாயை அலுமினியமா என்று பார்த்து எடுங்கள். இப்போது பல குழாய்கள் பிளாஸ்டிக்கில் வருகின்றன. இரண்டு முனைகளையும் வெட்டி, நீளவாக்கில் பிளந்து, சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஒரு கரண்டியின் முதுகால் தேய்த்துத் தட்டையாக்குங்கள். சமையலறை அலுமினியத் தாள் இதற்கு மிக மெல்லியது. கோடு கிழிக்கும்போதே கிழிந்துவிடும். தகட்டைப் பழைய ரப்பர் செருப்பின் மேல் வைத்து, அதன் மேல் வரைபுத்தாளை ஒட்டி, மை தீர்ந்த குமிழ்முனைப் பேனையால் அளவுகோலைப் பிடித்துச் சாய்கோடுகளை இழுங்கள். முதலில் ஒரு திசைக் கோடுகள் எல்லாம், பிறகு மறு திசை. அடியில் ரப்பர் இருப்பதால் கோடு பதியும் இடம் அமிழும், இரண்டு பக்கமும் தானாகவே சற்று உப்பும். தாளை உரித்துவிட்டு, தாள் இல்லாமல் இன்னொருமுறை அதே கோட்டில் மெதுவாக ஓடவிட்டால் பள்ளம் கூர்மையாகும். சாய்ந்த வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு கட்டத்தின் ஒரு பக்கம் மினுங்கி மறுபக்கம் இருண்டால் போதும். இன்னும் அழுத்த வேண்டும்போல இருக்கும், அழுத்தாதீர்கள்.

இந்தத் தகட்டை அப்படியே சுவரில் ஒட்டினால், ஒட்டும்போது விரல் பட்டே மேடெல்லாம் அமுங்கிவிடும். அதனால் கவிழ்த்து வைத்துப் பின்புறக் குழிகளில் வெள்ளை மரப்பசையைத் தடவி முழுதாகக் காயவிடுங்கள். பசை காயும்போது சுருங்கும் என்பதால் இன்னொரு பூச்சுக் கொடுங்கள். காய்ந்த பிறகுதான் ஒட்ட வேண்டும், அதுவும் எபொக்சியாலோ மிகச் சிறிதளவு சுப்பர் குளூவாலோ. தகட்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே காற்றுப் புகாததால், ஈரமான மரப்பசையை அங்கே அடைத்தால் மாதக்கணக்கில் காயாமல் கிடக்கும்.

தேநீர் வடி இரண்டாவது வழி. கம்பி வலை பின்னிய வடி வேண்டும். துளையிட்ட தகட்டு வடி உதவாது. கடைக்கு அளவுகோலைக் கொண்டுபோய், ஒரு செ.மீ.க்குள் பத்துக் கண் வருகிற வடியாகப் பொறுக்குங்கள். கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும். எபொக்சி புட்டியைப் பிசைந்து, பவுடர் தூவிய இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, பக்கத்துக்கு ஒரு சீட்டுக்கட்டு அட்டை போட்டு, போத்தலை உருட்டித் தட்டையாக்குங்கள். சீட்டு அட்டையின் தடிப்பு ஏறக்குறைய 0.3 மி.மீ.; புட்டியும் அதே தடிப்பில் நிற்கும். விரலில் ஒட்டாத அளவுக்கு இறுகியதும் வலையைத் தண்ணீரில் நனைத்து, 45 பாகை திருப்பி வைத்து, நேராக அழுத்தி நேராகத் தூக்குங்கள். கம்பி பட்ட இடம் பள்ளம், கண் இருந்த இடம் மேடு. இதில் ஒரு நல்ல விஷயம் உண்டு. பின்னிய கம்பி மேலும் கீழுமாகப் போவதால் பள்ளம் ஒரே கோடாக விழாமல் விட்டுவிட்டு விழுகிறது. செய்ய முடியாது என்று நான் மேலே தள்ளிவிட்ட தையலின் சாயலை வலையே தந்துவிடுகிறது. குறை என்னவென்றால், கட்டத்தின் அளவை நீங்கள் தீர்மானிக்க முடியாது, வடிதான் தீர்மானிக்கும். ஆகவே ஜன்னலோரச் சுவருக்குத் தகடு, விமானிகளின் முதுகுக்குப் பின்னாலுள்ள தடுப்புச் சுவருக்கும் கூரைக்கும் புட்டி என்று பிரித்துக்கொள்ளுங்கள். கூரைத் துண்டை முழுதாக இறுகும் முன்பே வளைவில் பொருத்திவிடலாம்.

நுளம்பு வலையை அழுத்தினால் என்ன என்று அடுத்த கேள்வி வரும். வழக்கமான நுளம்பு வலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண்கள். கண்ணுக்குக் கண் 2 மி.மீ. 1/48 அளவில் அது 96 மி.மீ., ஏறக்குறைய நான்கு அங்குலம். தலையணையைத்தான் சுவரில் அடுக்க வேண்டும். அதே வலை 1/24 அளவுக்குப் பொருத்தமாக இருக்கும். முல்லைத்தீவுக் கரையில் சும்மா கிடைக்கும் மீன்வலைத் துண்டுகள் எந்த அளவுக்கும் ஆகாது.

டிசு கடதாசி பழந்துணி போலானதற்குக் காரணம், கசக்கிய கடதாசியின் மடிப்புக்கு ஒழுங்கு கிடையாது. தைத்த மெத்தையின் இழுவிசை ஒழுங்கானது. டிசுவை எறிந்துவிடாதீர்கள், பயணிகள் ஜன்னல் திரைக்கு அதுதான் சரி. தண்ணீர் கலந்த மரப்பசையில் நனைத்துச் சாவணத்தால் மடித்துவிட்டால் நல்ல திரைச்சீலை.

தகடோ புட்டியோ எதுவானாலும், சுவர் முழுவதையும் ஒரே பாயாக ஒட்டாதீர்கள். படத்தை உற்றுப் பாருங்கள். மெத்தை துண்டு துண்டாக இருக்கும். விலா எலும்பு போன்ற சட்டங்களுக்கு இடையே ஒவ்வொரு துண்டு, ஜன்னலைச் சுற்றிக் கத்தரித்த துண்டு, குழாய் போகும் இடத்தில் விலகிய துண்டு. ஒவ்வொன்றின் ஓரமும் கரை மடித்துத் தைத்ததால் தட்டையாகிச் சட்டத்தோடு ஒட்டியிருக்கும். நீங்களும் ஓரத்தில் ஒரு மி.மீ. அகலத்துக்கு மேட்டை அமுக்கிவிடுங்கள். தென்னை ஈர்க்கின் நுனியைச் சரிவாகச் சீவினால் இதற்கு அருமையான கருவி. கூரைத் துண்டு ஒன்றின் நடுவை மயிரிழை அளவு தொய்யவிட்டால், சேவையில் கிடந்து பழகிய விமானம் என்று பார்க்கிறவருக்கு உடனே பட்டுவிடும். இந்த ஓர வேலையில் செலவழிக்கும் ஒரு மணித்தியாலம், சாய்சதுரத்தில் செலவழிக்கும் மூன்று மணித்தியாலத்துக்குச் சமம் என்பது என் கணிப்பு.

வர்ணம் பூசும்போது பள்ளத்தில் கறுப்பை ஓடவிடுவது ஒரு கெட்ட பழக்கம். சாய்சதுரம் தனித்தனியாகப் பிரிந்து, குளியலறை ஓடு பதித்ததுபோல் ஆகிவிடும். இராணுவ டகோட்டாவின் மெத்தை மங்கிய பச்சை. அதையே ஒரு படி வெளுப்பாகக் கலந்து அடியில் பூசுங்கள். உடலை மூடிய பிறகு சிறிய ஜன்னல் வழியாகப் போகிற வெளிச்சத்தில் எல்லாம் இருண்டுதான் தெரியும். பள்ளத்துக்கு அதே பச்சையில் கொஞ்சம் மண்ணிறம் சேர்த்து, தண்ணீராகக் கரைத்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளி விட்டு ஓடவிடுங்கள். மேட்டுக்கு வெளுத்த பச்சை. தூரிகையைத் துணியில் துடைத்து வர்ணம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் நிலையில் மேலாகத் தடவுங்கள். கடைசிப் பூச்சு மினுக்கமில்லாததாக இருக்கட்டும், மெத்தை துணிதானே. மினுக்கத்தை இருக்கைத் தோலுக்கு வைத்துக்கொள்வோம். வெறும் அலுமினியத்தில் வர்ணம் பிடிக்காது, முதலில் பிரைமர் வேண்டும். ஏ-9 வீதி நெடுகிலும் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற கடைகளில் கிடைக்கும் ஸ்பிரே பிரைமர் போதும். பிளாஸ்டிக்கில் அடிக்கும்போது மட்டும் தூர நின்று புகைபோல அடியுங்கள். நனைய அடித்தால் அதிலுள்ள தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். பாகங்கள் கழற்றிய சட்டத் துண்டில் முதலில் பரீட்சித்துப் பாருங்கள்.

மைக்ரோபோர் டேப் வேண்டாம். டகோட்டாவின் உடலும் இறக்கையும் உலோகம். சுக்கான், உயர்த்தி, இறக்கையின் வெளியோரத்தில் அசையும் மடல்கள் ஆகியவை மட்டும் துணி போர்த்தவை. அந்தத் துணியும் சட்டை துணிபோல நெசவு தெரிய நிற்பதில்லை. இறுக்கிக் கட்டி, டோப் என்ற பூச்சைப் பல தடவை பூசி, தேய்த்து, பறைத் தோல்போல விறைக்க வைத்தது. கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலே நெசவு தேட வேண்டும். 14 மீற்றரில் எங்கே தெரியப் போகிறது? மைக்ரோபோரின் நார் 1/48 அளவில் சாக்கு போர்த்தியதுபோல் இருக்கும்.

கண்ணுக்குத் தெரிவது வேறு இரண்டு. ஒன்று, உள்ளே உள்ள சட்டங்களுக்கு இடையே துணி மிகச் சிறிதளவு தாழ்ந்திருப்பது. மாதிரிப் பெட்டிகளில் இதைப் பெரும்பாலும் அளவுக்கு மீறிச் செய்து, பட்டினி கிடந்த மாட்டின் விலாபோல் வார்த்திருப்பார்கள். நனைத்த உப்புத்தாளால் மேட்டைத் தேய்த்துப் பாதியாகக் குறையுங்கள். மற்றது, ஒவ்வொரு சட்டத்தின் மேலும் தையலை மறைத்து ஒட்டிய துணிப் பட்டி. அதன் அகலம் மாதிரியில் ஏறக்குறைய 1 மி.மீ.; தடிப்போ ஒரு வர்ணப் பூச்சளவுதான். ஆகவே பட்டியை வர்ணத்தாலேயே செய்யுங்கள். ஒட்டுநாடாக்களை 1 மி.மீ. இடைவெளியில் ஒட்டி, நடுவே இரண்டு பூச்சுப் பிரைமர் அடித்து உரித்தால், விரல் தடவி அறியக்கூடிய, கண் சந்தேகப்படக்கூடிய ஒரு பட்டி நிற்கும். இரத்மலானை விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒரு டகோட்டா நிற்கிறது. கொழும்புப் பக்கம் போனால் அதன் வால் பகுதியை வெயில் சாய்ந்த நேரத்தில் பக்கவாட்டில் நின்று பாருங்கள். எந்தப் புத்தகப் படமும் அதற்கு ஈடில்லை. இரண்டாம் உலகப் போரில் நம் வவுனியாத் தளத்தில் நின்ற போஃபோர்ட் விமானத்துக்கும் அசையும் பகுதிகள் துணிதான். இதே முறையில் செய்யலாம். அது டோர்ப்பிடோ சுமந்த விமானம் என்பதால் அம்மாவிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வன்னி வெயிலைப் பற்றிப் பெட்டிக்குள் வரும் தாளில் எழுதியிருக்காது. புட்டிப் பொதியில் போட்டிருக்கும் நேரம் குளிர்நாட்டு அறைக்குரியது. பத்துப் பாகை ஏறினால் இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகும். சித்திரை மதியத்தில் தகரக் கூரைக்குக் கீழே வலையை எடுத்து வருவதற்குள் புட்டி கல்லாகிவிடும். விடியற்காலையில் செய்யுங்கள், சுண்டைக்காயளவு மட்டும் பிசையுங்கள், கையுறை போடுங்கள். இறுகாத எபொக்சி சிலருக்குத் தோலில் கடியை உண்டாக்கும். இறுகியதைத் தேய்ப்பதானால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறாது. மாரியில் இடர் வேறு. ஈரக்காற்றில் சுப்பர் குளூவின் ஆவி ஜன்னல் பிளாஸ்டிக்கில் வெள்ளைப் புகைபோலப் படியும். ஜன்னல்களை மரப்பசையால் மட்டும் ஒட்டுங்கள். வர்ணம் காயும்வரை ஒரு பேசினைக் கவிழ்த்து மூடிவிட்டால் செம்மண் தூசியும் படியாது.

இருக்கைகள் எளிது. விமானிகளின் இருக்கைச் சட்டத்தில் புட்டியை வைத்து, நடுவை ஈர்க்கின் முதுகால் சற்று அமுக்கி, முன்விளிம்பை உருட்டிவிடுங்கள். கொஞ்சம் இறுகியதும் ஊசியால் மூலைகளிலிருந்து நடுவை நோக்கி இரண்டு மூன்று சுருக்கங்கள் இழுங்கள். ஒரு மெத்தைக்கு அதற்கு மேல் வேண்டாம், இரண்டு இருக்கைக்கும் ஒரே மாதிரியும் வேண்டாம். தோலின் மணிமணியான சொரசொரப்பைச் செய்யவே தேவையில்லை, அரை மினுக்கம் கொண்ட வார்னிஷ் அதைப் பார்த்துக்கொள்ளும். ஆள் ஏறி இறங்கித் தேய்ந்த முன்விளிம்பில் மட்டும் நிறத்தை ஒரு படி வெளுப்பாக்குங்கள்.

பயணிகள் கதவைத் திறந்து வைப்பது நல்லது, ஆனால் அதற்காக எல்லா வரிசையையும் செய்து களைத்துப்போகாதீர்கள். கதவு இடதுபக்கம், வால் அருகே இருக்கிறது. தரையில் நிற்கும் டகோட்டா வாலைத் தாழ்த்தி மூக்கை உயர்த்தி நிற்பதால், கதவு வழியாகப் பார்க்கிற கண்ணுக்கு எட்டுவது கடைசி இரண்டு வரிசைகளும் எதிர்ச்சுவரின் ஒரு துண்டும்தான். அவற்றின் மெத்தையை மட்டும் புட்டியில் செய்யுங்கள். முன் வரிசைகளுக்குப் பெட்டியில் வந்த இருக்கைகளையே வர்ணம் பூசி வைத்து, ஜன்னல் திரைகளைப் பாதி மூடிவிடுங்கள். உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டும் முன்பு, மெத்தைத் துண்டுகள் எல்லாம் உள்ளே இருக்க, ரப்பர் வளையம் போட்டு ஒருமுறை மூடிப் பாருங்கள். கருவிப் பலகையின் ஓரம் மெத்தையில் இடித்தால் தேய்க்க வேண்டியது பலகையை, மெத்தையை அல்ல.